சம்பந்தி வீட்டுச் சதுரங்கம்

முப்பது வருடத்துக்கு மேல் கழுத்தில் விசிலோடு அலைந்தவள் நான். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கபடி, கோகோ, நீளம் தாண்டுதல் எல்லாம் என் பொறுப்பு. செஸ்ஸும் என் பொறுப்பு. வெயிலில் ஆடினாலும் மேசையில் ஆடினாலும் விளையாட்டு என்றால் பி.டி. டீச்சர் தலையில் கட்டிவிடுவது எங்கள் பள்ளிக்கூடங்களில் உள்ள வழக்கம். சேர்ந்த புதிதில் ஒரு விதிமுறைப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, குதிரை எப்படித் தாவும், யானை எப்படி ஓடும் என்று நானே படித்துக்கொண்டேன். பிறகு அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த மறுவாரமே அவர்களைத் தோற்கடித்தேன். என்னிடம் தோற்காத எட்டாம் வகுப்பே கிடையாது. அதனால் எனக்கு செஸ் நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு ரொம்ப நாளாக உள்ளுக்குள் குடியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற வருடம் மகனுக்குக் கல்யாணம் செய்தோம். பெண்ணுக்கு ஊர் ஜெயமங்கலம். பெண்ணின் அப்பா வாழை போட்டிருக்கிறார். அம்மா வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு என் வயதுதான். ஊர் வழக்கப்படி நான் அவரை மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். ஆனாலும் இரண்டு மதினியும் ஒன்றல்ல. நான் மாப்பிள்ளையின் அம்மா. நான் அந்த வீட்டு வாசல்படி ஏறினால் அவர் மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். சொம்பில் தண்ணீர் வரும், காபி வரும், மின்விசிறி என் பக்கம் திரும்பும். கிளம்பும்போது என் பையை வாங்கி, அதில் ஒரு சீப்புப் பழம், ஒரு டப்பா முறுக்கு, தைத்த ரவிக்கை இரண்டு என்று திணித்து, அதை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவார். கண்டக்டரிடம் சொல்லி சீட்டும் பிடித்துக் கொடுப்பார். வெறுங்கையோடு சம்பந்தியை அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர் கவலை.

கல்யாணம் முடிந்து நான் முதன்முதலாகத் தனியாகப் போன அன்று, துணி வெட்டும் மேசையில் வெட்டுத் துண்டுகளுக்கு அடியில் ஒரு செஸ் போர்டு கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது.

"ஆடுவீகளா மதினி?" என்றேன்.

"அண்ணந்தம்பிகளோட ஆடுனது. இப்ப போன்ல ஏதோ காய் நகத்துவேன்" என்றார். துணிகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளைக் காய்களை என் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளைதான் முதலில் ஆடும். அந்த மரியாதையும் எனக்கே.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் ராஜா ஒரு மூலையில் மூச்சு முட்டி நின்றது. நான் சிரித்துக்கொண்டே, "நல்லா ஆடுறீக மதினி" என்று சொல்லிவிட்டு, பழமும் முறுக்குமாக ஊர் திரும்பினேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி. அதனால்தான் தோற்றேன் என்று பஸ்ஸிலேயே முடிவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை போனபோது ஜெயித்தேன். அதற்கடுத்த தடவையும் ஜெயித்தேன். மாதம் ஒன்றிரண்டு சனிக்கிழமை, மூன்று பஸ் மாறிப் போய் ஆடுவேன். பதினொரு ஆட்டம் வரிசையாக ஜெயித்தேன். காற்றில் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன்: "நம்மைவிடப் பெரிய ஆளோடு ஆடினால்தான் ஆட்டம் வளரும். ஒரே ஒரு தடவை தோற்றேன், அதிலிருந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன்."

என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சுருள் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "வரிசையா பதினோரு தடவ தோக்குறதும் லேசுப்பட்ட வேலை இல்ல, பாத்துக்க" என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டிக்குப் பேர் கொடுத்தேன். எந்த வயதினரும் ஆடலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். சம்பந்தியைத் துணைக்கு வரச் சொன்னேன். டிபன் கேரியரில் புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலுமாக வந்து சேர்ந்தார். ஆடுகிறவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றது. நடத்தியவர் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஒருத்தர் ஒக்காந்தா ஜோடி சரியாயிரும், காய் நகத்தத் தெரிஞ்சாப் போதும்" என்று கெஞ்சினார். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார்.

"ஒக்காரட்டா மதினி?"

"தாராளமா ஒக்காருங்க. தோத்தா ஒண்ணும் வெக்கப்படாதீக, அனுபவந்தான" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியத்துக்காக என்னையே நான் கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து சுற்று. முதல் சுற்றில் இரட்டைச் சடை போட்ட ஆறாம் வகுப்புப் பாப்பா என்னை வெளுத்து வாங்கியது. என் ராணியைப் பிடித்த பிறகு, "ஆன்ட்டி, ராணிய அவ்வளவு சீக்கிரம் வெளிய எடுக்கக் கூடாது" என்று இலவசமாக ஒரு வார்த்தை வேறு. மொத்தத்தில் எனக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியும் எதிரில் ஆட வேண்டிய பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனதால் கிடைத்தது.

மூன்றாவது சுற்றில் சீக்கிரமே தோற்று எழுந்து, சம்பந்தி எங்கே என்று தேடிப் போனேன். அவர் எதிரில் கல்லூரிப் பையன் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னோடு ஆடும்போது சம்பந்தியின் கை காய் மேலே தயங்கும், தோட்டைத் திருகிக்கொள்வார், "இங்கன வைக்கலாமா, அங்கன வைக்கலாமா" என்று முனகுவார். இங்கே ஒரு முனகலும் இல்லை. சாக்குக் கட்டியால் கோடு போட்ட துணியில் கத்தரி போகிற மாதிரி அவர் கை நேராகப் போய் நின்றது. நான்கு வெற்றி, ஒரு ட்ரா. ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் யாருக்கும் காட்டாமல் டிபன் கேரியருக்கு அடியில் பையில் செருகினார்.

தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன்.

"எத்தன நாளா மதினி இந்த நாடகம்?"

"என்ன நாடகம்?"

"பதினோரு ஆட்டம்."

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "பொண்ணக் குடுத்த எடம் மதினி. தேடி வந்தவுகளத் தோக்கடிச்சு அனுப்புறது மொறையா?"

"மொதத் தடவ தோக்கடிச்சீகள்ல? அப்ப எங்க போச்சு மொறை?"

"அதனாலதான..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை. பி.டி. டீச்சர் குரலில் கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். "புள்ள அன்னைக்குப் போன் போட்டுச்சு மதினி. குத்தமாச் சொல்லல, சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. 'அத்த வந்ததும் வராததுமா, ரசத்துல புளி கூடிப்போச்சுன்னு தட்ட நகத்தி வச்சிட்டாக. நீ என்னம்மா பண்ணுன அவுகள?'ன்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஒரு ஆட்டத்துல நான் ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? எம் புள்ள அங்கன நிம்மதியாச் சோறு திங்கட்டும்னு விட்டுட்டேன்."

அதற்குள் என்னுடைய பஸ் வந்தது. அன்றைக்கும் அவர்தான் ஏறி சீட் பிடித்துக் கொடுத்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ என்று கோபம். வீரபாண்டி தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போய் என்ன கேட்பது என்று நான்கைந்து கேள்வி தயார் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசியில் அந்தச் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் மிஞ்சியது. நான் நகர்த்தி வைத்த தட்டு. அந்த ரசம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் புளி கூடவே இல்லை.

ஒரு பெண், மகள் என் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக, தனக்கு நன்றாக வருகிற ஒரே விளையாட்டில் பதினொரு தடவை என் முன்னால் முட்டாளாக நடித்திருக்கிறார். நானோ அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வீட்டுக்குப் போனதும் மருமகளிடம், "அன்னைக்கு ரசம் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

"என்னைக்கு அத்த?" என்றாள். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள். "எட்டு மாசம் ஆச்சு அத்த. இப்பத்தான் ருசி தெரியுதா?"

எட்டு மாதம் என்று மாதம் தவறாமல் கணக்கு வைத்திருந்தாள். மறக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அவள் சிரித்ததற்காக அவள் மேல் எனக்குப் பிரியம் கூடியது. அன்று அவள் வைத்த எல்லாவற்றையும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஜெயமங்கலம் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். "மதினி, இன்னைக்கு நெசமா ஆடணும். நான் தோத்துட்டு வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் ஒங்க பொண்ணுக்குப் போன் போட்டு, நான் எப்படி இருக்கேன்னு கேளுங்க. தட்டு நகந்துச்சுன்னா மறுபடி ஒங்க இஷ்டத்துக்குத் தோத்துக்கிருங்க."

அவர் நம்பவில்லை. இருந்தாலும் ஆடினார். கொஞ்சம் கருணையோடு, முப்பது நகர்த்தலில் ஜெயித்தார். சாயங்காலம் போன் வந்தது. மருமகள் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு, "ரசத்துக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்றாள். அடுத்த வாரம் இருபது நகர்த்தலில் ஜெயித்தார். அன்றும் ரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் கருணை போய்விட்டது.

அப்படியே நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சில சனிக்கிழமை உள்ளுக்குள் கொதிக்கும். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அவசரத்தில் கோட்டைவிட்டுவிட்டு வந்தால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மூச்சு விடுவதுகூட எரிச்சலாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். வாய்க்கால் கரையோடு, தென்னந்தோப்பையும் திராட்சைப் பந்தலையும் சுற்றிக்கொண்டு நடப்பேன். கோபம் ஒரு கிலோமீட்டரில் தணிவதும் உண்டு, மூன்று ஆவதும் உண்டு. தணிந்த பிறகுதான் வாசல்படி ஏறுவேன். மருமகள் நான் செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தத்தை வைத்தே, "இன்னைக்கும் போச்சா அத்த?" என்பாள்.

சம்பந்தி எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால், "எனக்கு என்ன மதினி தெரியும்" என்று கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை இழுத்துக்கொள்வார். எல்லாம் தோற்றுத் தோற்றுக் கற்றதுதான். ஆறாம் வகுப்புப் பாப்பா சொன்னதைக் கேட்காமல் ராணியைச் சீக்கிரம் வெளியே எடுப்பேன். சம்பந்தியின் குதிரைகள் அதைத் துரத்தித் துரத்தி அடிக்கும். மூன்று மாதம் அடி வாங்கிய பிறகு என் ராணி வீட்டோடு இருக்கப் பழகியது. பிறகு, தாக்கப் போகிற அவசரத்தில் ராஜாவை நடுவில் நிறுத்திவிட்டுப் போகிற புத்தியும் போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இன்னும் முப்பது வருடம் ஆடியிருந்தாலும் இது ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் என் தப்பைத் தண்டிக்கத் தெரியாதவர்கள். சம்பந்தி ஒரு தப்பைக்கூட சும்மா விடமாட்டார். ஆட்டம் கால் மணியிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீண்டது.

நீண்ட பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. எல்லாக் காயும் வெட்டுப்பட்டு, இரண்டு ராஜாவும் ஒன்றிரண்டு சிப்பாயும் மட்டும் மிஞ்சும். பலகை காலி மைதானமாக இருக்கும். அங்கே இரண்டு ராஜாவும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், யார் நகர வேண்டிய முறையோ அவர் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அது என் முறையாகவே வரும்படி சம்பந்தி முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பார். நான் ஒதுங்குவேன். அவருடைய சிப்பாய் நடந்துபோய்க் கடைசிக் கட்டத்தில் ராணியாகிவிடும்.

தோற்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என்னை அப்படிக் கதறக் கதறத் தோற்கடித்த அடுத்த நொடியே அவர் எழுந்துவிடுவார். பையை எடுப்பார், பழத்தை வைப்பார், முறுக்கை வைப்பார், பஸ்ஸுக்குக் கூட வருவார். அடுத்த ஆட்டத்திலும் வெள்ளைக் காய்களை என் பக்கமே திருப்புவார். எவ்வளவு சொல்லியும் இந்த வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரால் அவ்வளவு லேசாக எழுந்திருக்க முடிகிறது என்றால், அந்த ஆட்டம் அவரை ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். நான் இன்னும் அவருக்குச் சம்பந்திதான், எதிராளி ஆகவில்லை. ஒருநாள் ஒரே ஒருநாள், அவரை எழுந்திருக்க விடாமல் பலகை முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கோப்பை, சர்டிபிகேட் எதுவும் வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. போன தை மாதம், பொங்கல் ரவிக்கை எல்லாம் தைத்துக் கொடுத்து முடித்த ஒரு சனிக்கிழமை. ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு யானையும் இரண்டு மூன்று சிப்பாயும் மிஞ்சியிருந்தன. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அது போதாது, யானை இருக்கும் வரைக்கும் அவர் தாக்குப் பிடித்துவிடுவார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு யானைக்கு யானை வெட்ட வந்தார். ராஜாவும் சிப்பாயுமாக மிஞ்சினால் இவள் வழக்கம்போல் ஒதுங்கிவிடுவாள் என்ற நம்பிக்கை. நான் எண்ணினேன். விரலை மேசைக்கு அடியில் மடக்கி மடக்கி எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வெட்டினேன்.

மிச்சச் சிப்பாய்கள் ஒன்றையொன்று தின்று தீர்ந்தன. என் ராஜா சிப்பாய்க்கு முன்னால் போய் நின்றது. அவர் ராஜா எதிரே வந்து நின்றது. நடுவில் ஒரு கட்டம். இந்தத் தடவை அவர் முறை.

அவர் தோட்டைத் திருகவில்லை. முனகவில்லை. ரவிக்கை வாங்க ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். சம்பந்தி தலையைத் தூக்காமல், "நாளைக்கு வாங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், போய்விட்டார். பிறகு சம்பந்தியின் ராஜா ஒதுங்கியது. என் சிப்பாய் நடந்து போய் ராணியானது.

"மதினி" என்றேன்.

"ம்."

"அஞ்சு மணி பஸ்ஸு வந்துரும்."

"ம்" என்றார். அவர் விரல் காய்களைப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தது. யானைகள் பலகையில் இருந்த நிலைக்கு ஆட்டத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். செருப்பை மாட்டினேன். ஆணியில் தொங்கிய என் பையை நானே எடுத்துக்கொண்டேன். பழம் இல்லை, முறுக்கு இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஒற்றை ஆளாக நடந்தேன். நடக்க நடக்கச் சிரிப்பு வந்தது. எதிரே வந்த ஒருவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பஸ்ஸில் சீட் இல்லை. வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ்ஸில் நின்றதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பயமும் வந்தது. மனசு நொந்துவிட்டாரோ? இன்றைக்கு அவர் வீட்டு ரசம் என்ன பாடுபடப் போகிறதோ?

மேல்மங்கலம் வரும்போது போன் அடித்தது.

"மதினி, யானைய வெட்டுக் குடுத்துருக்கக் கூடாது. யானை நின்னுருந்தா ட்ராதான்."

"ஆமா மதினி. ட்ராதான்."

"பஸ்ஸு எங்கன போகுது?"

"மேல்மங்கலம் வந்துருச்சு."

"எறங்குங்க."

பை பற்றி ஒரு வார்த்தை இல்லை, பழம் பற்றி இல்லை, சீட் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார். நான் இறங்கினேன். மருமகளுக்குப் போன் போட்டு, வர நேரமாகும், நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். எதிர்ப் பக்கம் நின்று அடுத்த டவுன் பஸ்ஸைப் பிடித்து ஜெயமங்கலம் திரும்பினேன்.

நிறுத்தத்தில் என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. வீட்டு வாசல்படி ஏறினேன். மிஷின் மூடிக் கிடந்தது. பலகையில் காய்கள் அடுக்கித் தயாராக இருந்தன. சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒக்காருங்க" என்றார். "இந்தத் தடவ வெள்ளை எனக்கு."